நஞ்சைக்குக் கடன் கொடுத்த நிலங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கிற ஈரச் சேற்றில் உளுந்தையோ பயறையோ விதைத்துவிடுவார்கள். கதிர் அறுத்தபின் தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. பனியும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும்தான் அதற்கு ஆதாரம். பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை, இரண்டு சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும் என்பது வேளாண்மைத் துறையின் பரிந்துரை. முதல் நாள் மாலையே உரத்தை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் இறுத்து, கசடை விட்டுவிட்டுத் தெளிப்பானில் ஊற்றுவார்கள். இதில் தழைச்சத்தும் கூடவே போகிறது என்றாலும், உளுந்து தேடுவது முக்கியமாக மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை. வேடிக்கை என்னவென்றால், அதே மண்ணில் அதற்கு முந்தைய நான்கு மாதம் நெல் நின்றிருக்கிறது. நெல்லுக்குக் கிடைத்த மணிச்சத்து, தண்ணீர் வடிந்த இரண்டு வாரத்தில் உளுந்துக்கு எட்டாமல் போய்விடுகிறது. காவிரி டெல்டாவின் நெல் விவசாயத்தில் மணிச்சத்தின் கடந்த நூற்றைம்பது வருட வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தப் புதிரிலிருந்து தொடங்குவதே சரி. அந்த வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் எலும்பிலிருந்தோ உரத் தொழிற்சாலையிலிருந்தோதான் தொடங்கியிருக்கிறார்கள்.

அறுவடைக்கு முன் ஒரு நெல் தூரைச் சேற்றோடு பிடுங்கிப் பார்த்தால் விஷயம் கண்ணிலேயே தெரியும். மேலே சில மில்லிமீட்டர் மண் செம்பழுப்பு. அதற்குக் கீழே சாம்பலும் நீலமும் கலந்த நிறம். வேரைச் சுற்றி மட்டும் துருப்போல ஒரு பூச்சு. மேல்மண்ணுக்குக் காற்று கிடைக்கிறது, வேரும் தன் உள்குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றைக் கசியவிடுகிறது. மற்ற இடமெல்லாம் காற்றில்லாத சேறு. காற்றுள்ள மண்ணில் இரும்பு துருவாக இருக்கிறது, மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் கட்டிச் சில நாளானதும் சேற்று நுண்ணுயிர்கள் அந்தத் துருவை உடைக்கின்றன. இரும்பு கரைகிறது, பிடித்துவைத்திருந்த மணிச்சத்தும் அதோடு வெளியே வருகிறது. சுண்ணாம்பு மண்ணில் நீர்கட்டுவதால் காரத்தன்மை தணிந்து, அங்கேயும் கொஞ்சம் விடுபடுகிறது. தண்ணீரை வடித்தால் எல்லாம் தலைகீழ்: இரும்பு புதுத் துருவாகி, முன்னைவிட இறுக்கமாக மணிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. உளுந்து அந்த நேரத்தில்தான் வேர் விடுகிறது. நீர்கட்டிய மண்ணின் இந்த வேதியியலை முழுமையாகத் தொகுத்து 1972-ல் எழுதியவர், இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பெலிக்ஸ் பொன்னம்பெருமா. அதற்கு வெகுகாலம் முன்பே, 1910-களில், கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த ஹாரிசனும் பி.ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல் வயலின் சேற்றிலிருந்து வரும் வாயுக்களை ஆராய்ந்து, அது மற்ற மண்ணைப் போன்றதே அல்ல என்று காட்டிவிட்டார்கள்.

காட்டியும் என்ன, மண்ணைச் சோதிக்கும் முறை மாறவில்லை. அன்று வழக்கிலிருந்தது இங்கிலாந்தில் பெர்னார்ட் டையர் 1894-ல் வகுத்த முறை: மண்ணை உலர்த்தி, சலித்து, ஒரு சத சிட்ரிக் அமிலத்தில் கரைத்து, எவ்வளவு மணிச்சத்து இறங்குகிறது என்று அளப்பது. அது கோதுமையும் பார்லியும் விளைகிற காய்ந்த மண்ணுக்காக வகுக்கப்பட்டது. நெல் வயலின் மண்ணை உலர்த்திய அந்த நொடியே, நெல் கண்ட மண் அது இல்லை என்றாகிவிடுகிறது. 1928-ல் வெளியான ராயல் வேளாண் ஆணையத்தின் அறிக்கை, மணிச்சத்துப் பற்றாக்குறை முக்கியமாகத் தீபகற்ப இந்தியாவிலும் கீழ் பர்மாவிலும்தான் என்று எழுதியது. ஆய்வுக்கூடம் அப்படிச் சொல்ல, வயலில் நடந்த சோதனைகளோ வேறு மாதிரி சொல்லின. நெல்லுக்குத் தழைச்சத்து போட்டால் ஏறக்குறைய எங்கும் விளைச்சல் ஏறியது. மணிச்சத்து போட்டால் ஓரிடத்தில் ஏறியது, இன்னோரிடத்தில் ஏறவே இல்லை. உழவர் உரத்தை ஏற்கத் தயங்கினார் என்று அந்தக் காலத்து அதிகாரிகள் குறைபட்டார்கள். போட்ட காசுக்கு எதிரில் ஒன்றும் தெரியாதபோது தயங்காமல் வேறென்ன செய்வார்?

எலும்புக்கு வருவோம். 1889-ல் இந்தியா வந்து நாடெங்கும் சுற்றி 1893-ல் அறிக்கை வெளியிட்ட வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், எலும்பும் எண்ணெய் வித்துகளும் கப்பலேறுவதை இந்த மண்ணின் இழப்பாகக் கண்டார். லாஸ் என்ற ஆங்கிலேயர் 1842-ல் காப்புரிமை பெற்ற சூப்பர் பாஸ்பேட்டுக்கு எலும்பும் ஒரு மூலப்பொருள். இங்கே எலும்பைத் தொடுவதும் வயலில் போடுவதும் சாதியோடும் தீட்டோடும் பின்னிக் கிடந்ததால், உள்ளூரில் வாங்க ஆளில்லாமல் சரக்கு துறைமுகத்துக்குப் போனது. நம் மண்ணின் சத்தை வெள்ளைக்காரன் எலும்பாக அள்ளிப்போனான், அதனால்தான் வயல் வறண்டது என்று பின்னால் ஒரு கதை நிலைத்துவிட்டது. கதையில் கோபம் நியாயமானது, கணக்குத்தான் இடிக்கிறது. எலும்பில் பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் எலும்பு போனதாகவே வைத்துக்கொண்டாலும், போன பாஸ்பரஸ் பத்தாயிரம் டன். பிரிட்டிஷ் இந்தியாவின் நெல் பரப்பு சுமார் 8 கோடி ஏக்கர். மற்றப் பயிர்களையெல்லாம் விட்டுவிட்டு நெல்லுக்கு மட்டுமே அதைப் பங்கிட்டாலும் ஹெக்டேருக்குச் சுமார் முந்நூறு கிராம்தான் வரும். ஒரே ஒரு போகம் எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு அது. எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை 1928 ஆணையம் ஏற்கவில்லை. அதன் காரணங்களில் காலனி வணிகத்தின் நலன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தடை செய்திருந்தாலும் தஞ்சாவூர் வயலுக்கு அதனால் ஒன்றும் வந்திருக்காது.

வயலை விட்டு உண்மையில் போனது நெல். ஒரு டன் நெல்லும் அதன் வைக்கோலும் மண்ணிலிருந்து சுமார் மூன்று கிலோ பாஸ்பரஸ் எடுக்கின்றன. அதில் இரண்டு கிலோ நெல்லில், மீதி வைக்கோலில். ஹெக்டேருக்கு இரண்டு டன் விளைந்த காலத்தில் நாலு கிலோ நெல்லோடு போய்விடும். குத்தகை நெல்லாக மிராசுதார் வீட்டுக்கு, பட்டணத்துக்கு, நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குக்கூட. வைக்கோல் மாட்டுக்குப் போய்ச் சாணமாகத் திரும்பும். சாணத்தை வறட்டி தட்டி எரிப்பதைப் பார்த்து வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பதறினார்கள். தழைச்சத்து விஷயத்தில் அந்தப் பதற்றம் சரி, எரித்தால் அது காற்றோடு போய்விடும். மணிச்சத்து போகாது, சாம்பலில் தங்கும். சாம்பல் பாத்திரம் துலக்கிய பிறகு குப்பைமேட்டுக்கும் அங்கிருந்து வண்டியில் வயலுக்கும் போனது. நெற்றியில் பூசிய திருநீறு அளவுக்குத்தான் நஷ்டம்.

ஆனாலும் நெல்லோடு போன அந்த நாலு கிலோவை யார் ஈடுகட்டினார்கள்? என் பதில், நஞ்சை அதை ஒருபோதும் தானே சம்பாதித்துக்கொள்ளவில்லை, எப்போதும் கடன்தான் வாங்கியது என்பது. முதல் கடன் தன் மண்ணிடமே. உழவு மண்ணில் ஹெக்டேருக்குச் சுமார் இரண்டாயிரம் டன் மண் இருக்கிறது. அதில் 0.05 சதம் பாஸ்பரஸ் என்றால் ஆயிரம் கிலோ. பெட்டி பெரிது, பூட்டும் பெரிது. தண்ணீர்கட்டுவதுதான் அதற்குச் சாவி, அதுவும் ஒரு நேரத்தில் சிறு பகுதிக்குத்தான். இரண்டாவது கடன் புஞ்சையிடமும் காட்டிடமும். நடவுக்கு முன் சேற்றில் மிதித்த கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு, பூவரசு, புங்கந்தழை எல்லாம் பெரும்பாலும் வேறிடத்தில் வளர்ந்தவை. ஹெக்டேருக்கு ஐந்து டன் பச்சைத் தழை போட்டால், அது உலர்ந்து ஒரு டன்னுக்குச் சற்று மேல். அதில் இரண்டு மூன்று கிலோ பாஸ்பரஸ். நாலு கிலோ பற்றில் பாதிக்கு மேல் அங்கேயே ஈடாகிவிட்டது. பகலில் புறம்போக்கிலும் புஞ்சையிலும் மேய்ந்து மாலையில் தொழுவத்துக்கு வந்த மாடும் இதே வேலையைச் செய்தது: மேட்டு நிலத்துச் சத்தை வயிற்றில் சுமந்துவந்து பள்ளத்து நிலத்துக்கு எருவாக இறக்கியது. புஞ்சையில் ஏன் கம்பும் வரகும் எப்போதும் மெலிந்தே விளைந்தன என்பதற்கு மழைக்குறைவு ஒரு காரணம். நஞ்சைக்குக் கொடுத்துக் கொடுத்து இளைத்தது இன்னொரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது. 1882-ன் மதராஸ் வனச் சட்டம் காட்டில் தழை வெட்டுவதையும் மேய்ப்பதையும் கட்டுக்குள் கொண்டுவந்தபோது மலையடிவார ஊர்களின் நெல் விவசாயம் ஏன் அப்படித் தவித்தது என்பதும் இந்தக் கணக்கில்தான் விளங்கும்.

ஆட்டுக்கிடை பற்றி இங்கே ஒரு திருத்தம் தேவை, ஏனென்றால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் உருகிவிடுகிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் சம்பா அறுவடைக்குப் பின் மந்தைகளோடு டெல்டாவுக்கு வருவதும், இரவு இன்னார் வயல் என்று பேசி ஆடுகளை மடக்குவதும் பழைய ஏற்பாடு, பயனுள்ள ஏற்பாடு. ஆனால் ஆடு பகலில் மேய்வது டெல்டாவின் வரப்பிலும் படுகையிலும் ஊரார் தாளிலும்தான். இரவில் புழுக்கை விழுவது கிடைக்குக் காசு கொடுத்தவர் வயலில். வறண்ட ராமநாதபுரத்திலிருந்து சத்து வரவில்லை. ஊர்ப் பொதுவிலிருந்து ஒருவர் வயலுக்குக் கைமாறுகிறது, அவ்வளவே. இங்கே வளர்ந்த குட்டியின் எலும்பில் கொஞ்சம் மணிச்சத்து தெற்கே திரும்பியும் போகிறது. கிடை போட்டவர் வயல் செழிப்பது நிஜம். யாருடைய செலவில் என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

மூன்றாவது கடன் வண்டல். காவிரி கரைபுரண்டு வந்த காலத்தில் குடகிலிருந்து வண்டல் வந்தது, 1934-ல் மேட்டூர் அணை எழுந்ததும் அது நின்றது, அன்றிலிருந்து மண் சத்திழந்தது என்று டெல்டாவின் பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வயல் முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டர் வண்டல் படிந்தால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ பன்னிரண்டு டன். அதில் மொத்தமாகப் பத்துக் கிலோ வரை பாஸ்பரஸ் இருக்கலாம், இரண்டு போகத்துக்கு மேலான பற்று. அதே சமயம், வண்டல் எல்லா வயலுக்கும் ஒரே அளவில் போனதில்லை. முதல்மடைக்கு வந்த அளவு கடைமடைக்கு வந்திருக்காது. வந்ததும் பெரும்பகுதி உடனே கிடைக்கும் மணிச்சத்து இல்லை, பூட்டிய பெட்டிதான். இன்னொன்றும் உண்டு: அணைக்குப் பிறகு தண்ணீர் உறுதியானதால் குறுவைப் பரப்பு கூடியது, வயல் நீரில் நின்ற நாட்களும் கூடின, அதனால் மண்ணின் பூட்டு இன்னும் அடிக்கடி திறந்தது. வரவு குறைந்த அதே காலத்தில் செலவு செய்யும் வசதி கூடிவிட்டது என்பதே சரியான வருணனை. அதனால்தான் 1934-க்குப் பின் விளைச்சல் சரியவில்லை. பற்றாக்குறை இருந்தும் வெளியே தெரியவில்லை.

ஊரிலேயே பாஸ்பேட் இருந்த கதையையும் சொல்லிவிடலாம். திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர் பக்கம், டைனோசர் காலத்துக் கடல் படிவங்களில் மணிச்சத்துக் கட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. ஊரின் பெயரிலேயே ஊட்டம் இருப்பது தற்செயல். 1890-களில் வார்த் என்ற புவியியலாளர் இருநூறு அடி ஆழம் வரை 80 லட்சம் டன் இருக்கும் என்று மதிப்பிட்டார். பாதிக்கு மேல் கால்சியம் பாஸ்பேட். ஊர் கொள்ளிடத்துக்கு வடக்கே, அங்கிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத்தில் டெல்டா. ஆனால் கட்டிகள் பரவலாகச் சிதறியிருந்தன, சுண்ணாம்பும் இரும்பும் கலந்திருந்தன. அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும், வெறும் பொடியாக வயலில் போட்டால் கரையாது. 1906-ல் பாரி கம்பெனி ராணிப்பேட்டையில் இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கியது. இருந்தும் ஊட்டத்தூர்க் கட்டிகள் டெல்டாவின் உரமாக ஆகவில்லை.

கடன் வெளியே தெரிந்தது 1960-களில்தான். நாட்டிலேயே தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று, 1960-ல். ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம்முடைய ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உருவான ஆடுதுறை 27 சில ஆண்டுகளில் குறுவையைப் பிடித்துக்கொண்டது. 1966-ல் ஐ.ஆர். 8. யூரியாவுக்கு விடை சொல்லும் குட்டை ரகங்கள் ஆறு டன் வரை தரத் தொடங்கியதும், வைக்கோலையும் சேர்த்து ஒரு போகத்தின் பற்று ஆறு கிலோவிலிருந்து பதினெட்டுக்குப் போனது. வருடத்துக்கு இரண்டு போகம். தண்ணீர் திறக்கும் பூட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கொழுஞ்சித் தழையும் ஈடுகொடுத்திருக்காது, அதற்கான புஞ்சையும் காடும் இல்லை.

இந்த மணிச்சத்துப் பசி கண்ணில் படுவதும் கஷ்டம். தழைச்சத்து குறைந்தால் பயிர் மஞ்சளிக்கும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மணிச்சத்து குறைந்த நெல் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக நிற்கும். இலை குறுகி விறைப்பாக இருக்கும், சில ரகங்களில் அடியிலைகளில் ஊதா ஓடும். தூர் கட்டாது. பத்துப் பதினைந்து தூர் விட வேண்டிய இடத்தில் நாலைந்து நிற்கும், பூப்பதும் தள்ளிப்போகும். வரப்பிலிருந்து பார்க்கிறவருக்கு நல்ல நிறமாகத்தான் தெரியும். இதில் தமிழ்ப் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. மணிச்சத்து என்று பெயர் வைத்தவர்கள் தானிய மணியை நினைத்து வைத்திருக்கிறார்கள், உழவரும் அதன் பலனைக் கதிரில் தேடுகிறார். சத்து வேலை செய்வது நட்ட முதல் சில வாரங்களில், வேரிலும் தூரிலும். கதிர் வந்தபின் தேடினால் காலம் கடந்துவிட்டது. அதனால்தான் அது அடியுரம், மேலுரம் அல்ல. நாற்றங்காலுக்கு ஒரு சென்ட்டுக்கு இரண்டு கிலோ டி.ஏ.பி. என்ற பரிந்துரைக்கும் இதுவே காரணம்.

பழைய ரகங்களுக்கும் பழைய முறைக்கும் திரும்பினால் மணிச்சத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டாமே என்று இன்று பலர் கேட்கிறார்கள். ரகங்களைப் பொறுத்தவரை கேள்வியில் சாரம் உண்டு. கிழக்கிந்தியாவின் ஏழை மண்களில் விளைந்த கசலத் என்ற பழைய நெல்லில், மணிச்சத்துப் பசியிலும் வேரை அதிகமாக வளர்த்துத் தேடிக்கொள்ளும் மரபணு ஒன்று இருக்கிறது. 2012-ல் அது அடையாளம் காணப்பட்டது. உரமிட்ட பாசன வயலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பல நவீன ரகங்களில் அது இல்லை. ஆனால் அந்த மரபணுவும், பாஸ்போபாக்டீரியாவும், சாணமும், பஞ்சகவ்யமும் இருக்கிற சத்தைத் தேடவோ திறக்கவோ திருப்பவோதான் செய்யும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கத் தக்கைப்பூண்டு இருக்கிறது. காற்றில் மணிச்சத்து இல்லை. சந்தைக்குப் போன ஒவ்வொரு மூட்டை நெல்லுக்கும் எங்கிருந்தோ ஈடு வந்தாக வேண்டும். முன்னோர் முறை தன்னிறைவானது என்பவர்கள், அன்றைய விளைச்சல் இன்றையதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும், அதைத் தாங்கிய புஞ்சையின் இளைப்பையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்று கடன் கொடுப்பது மொராக்கோவும் ஜோர்டானும் சவுதியும். பாறையாகவோ அமிலமாகவோ உரமாகவோ நம் மணிச்சத்தின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியபோதும், 2021-ல் உலக விலை ஏறி டி.ஏ.பி. மூட்டைக்கு 1,200 ரூபாய் மானியம் கொடுக்க நேர்ந்தபோதும் இந்தச் சார்பு வெளிப்பட்டது. விலை இவ்வளவு ஆட்டம் காட்டும் பொருளை நாம் அளவில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் விசித்திரம். ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து என்ற பரிந்துரை ஆக்சைடு கணக்கில் சொல்வது, அதில் பாஸ்பரஸ் சுமார் 22 கிலோ. ஆறு டன் விளைந்து வைக்கோலும் வெளியே போனாலும் பற்று பதினெட்டு. போகம் தவறாமல் முழு அளவு போட்டுவரும் பல வயல்களில் மண் பரிசோதனை மணிச்சத்தை ‘அதிகம்’ என்று காட்டுகிறது. மிஞ்சியது வீணாவதோடு நிற்பதில்லை, பயிர் துத்தநாகத்தை எடுப்பதையும் தடுக்கிறது. அதற்கு மருந்தாக ஜிங்க் சல்பேட் மூட்டை ஒன்று வாங்குகிறோம்.

அடுத்த நடவுக்கு டி.ஏ.பி. மூட்டையைப் பிரிப்பதற்கு முன் மண்வள அட்டையில் மணிச்சத்து வரியைப் பாருங்கள். ‘அதிகம்’ என்றிருந்தால் நெல்லுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், சேற்றுத் தண்ணீர் தன் வேலையைச் செய்யும். மிச்சத்தில் ஏக்கருக்கு எட்டுக் கிலோவை நனையாமல் கட்டி வையுங்கள். தை முடிந்து உளுந்து பூக்கும்போது இரண்டு தெளிப்புக்கு அது போதும்.